மாங்காட்டுல வீடு பார்க்குறீங்களா? நடந்து போக முடியுமானு மேப்ல செக் பண்ணுங்க!

``பஸ் ஸ்டாப் அஞ்சே நிமிஷம்தான் சார்!" - மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி பக்கம் வாடகை வீடு தேடினால் அடிக்கடி காதில் விழும் வசனம். அந்த அஞ்சு நிமிஷம் பைக்கிலா, நடந்தா? வீட்டில் வயதானவர்களோ, ஸ்கூல் போகும் குழந்தைகளோ இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

எந்த மேப்?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. விக்கிபீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் இதில் தகவல் சேர்க்கலாம், இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, தண்ணீர் நின்ற சென்னைத் தெருக்களை மக்களே குறிக்க உதவியதும் இந்த மேப்தான்.

1. எவ்வளவு தூரம்?

சராசரியாக ஒருவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பார். 10 நிமிடம் என்றால் 800 மீட்டர். ஆனால், வீட்டைச் சுற்றி 800 மீட்டருக்கு வட்டம் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். நடுவில் முட்டுச்சந்தோ மதில் சுவரோ இருந்தால் சுற்றித்தானே போகணும்? ஓப்பன்ரூட்சர்வீஸ் தளத்தில் வீட்டு இடத்தைக் குறித்து, `நடை', `10 நிமிடம்' எனக் கொடுங்கள். தெருக்கள் வழியாக நிஜமாகவே எட்டக்கூடிய பகுதியை அது காட்டும்.

2. அதற்குள் என்ன இருக்கு?

மளிகை, மருந்துக்கடை, பள்ளி, கிளினிக், பஸ் ஸ்டாப், பூங்கா. ஆறில் எத்தனை அந்தப் பகுதிக்குள் வருகிறது என எண்ணுங்கள். கார்லோஸ் மொரேனோ 2016-ல் முன்வைத்த `15 நிமிட நகரம்' சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

3. நடக்க இடம் இருக்கா?

நடைபாதையில் தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி. நடைபாதை, தெருவிளக்கு, சாலையின் தரை எப்படி என்பதையெல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருவாரியாகப் பதியலாம். ஒரு விஷயம் முக்கியம் மக்களே... மேப்பில் நடைபாதை தெரியவில்லை என்றால், அங்கே இல்லை என்று அர்த்தமில்லை. யாரும் இன்னும் குறிக்காமலும் இருக்கலாம். அதனால், நிறைய பேர் மேப் செய்த ஏரியாவோடு புறநகரை ஒப்பிட்டு மார்க் போடாதீர்கள்.

4. நேரில் ஒரு நடை

இரவு 7 மணிக்கு ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை, காமாட்சி அம்மன் கோயிலில் கூட்டம் இருக்கும் வெள்ளிக்கிழமை ஒருமுறை நடந்து பாருங்கள். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்கிற ஆண்ட்ராய்டு ஆப் போனில் இருந்தால், `இந்தத் தெருவில் விளக்கு இருக்கா? நடைபாதை இருக்கா?' என்று கேட்கும். நீங்கள் சொல்லும் பதில் நேராக மேப்பில் ஏறிவிடும்.

மாங்காடு 2021-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. `ரோடு சரியில்லை' என்று பொதுவாகப் புகார் சொல்வதைவிட, எந்தத் தெருவில் எத்தனை மீட்டருக்கு நடைபாதை இல்லை என்று மேப்போடு மனு கொடுத்தால், `எந்த இடம்?' என்று யாரும் திருப்பிக் கேட்க முடியாது. வீடு பிடிக்காமல்போனாலும், நீங்கள் குறித்துவைத்தது அடுத்து வருபவருக்கு உதவும்!