சாரலும் காற்றின் தூய்மையும்: குற்றாலம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஊரின் காற்று நல்லது என்று கூறப்படும்போது, அச்சிறப்பு அவ்வூருக்கு உரியதா, அவ்வூரின் ஒரு பருவத்துக்கு மட்டும் உரியதா என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ள குற்றாலம் இவ்வினாவுக்கு ஏற்ற களமாகும். அருவிக்கும் காற்றுக்கும் பெயர்பெற்ற இப்பேரூரின் புகழ் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களைச் சார்ந்தது என்பதையும், எஞ்சிய மாதங்களின் காற்று உரிய கவனம் பெறவில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திசையும் பெயரும்

தமிழர் காற்றைத் திசையால் பகுத்துத் தென்றல், வாடை, கொண்டல், கோடை எனப் பெயரிட்டனர். இப்பெயர்கள் திசையோடு பருவத்தையும் உடலுணர்வையும் உடன் சுட்டுவன. மேல்காற்றைக் குறிக்கும் 'கோடை' என்னும் சொல் வெம்மைக்காலத்தையும் குறிக்கும். மலையைக் கடந்து இறங்கும் மேல்காற்று ஈரத்தை இழந்து சமவெளியில் வறண்டு வீசும் இயல்போடு இப்பொருள் ஒத்துச் செல்கிறது. குற்றாலத்திலோ அதே மேல்காற்று ஆனி மாதத்தில் குளிர்ந்தும் நனைந்தும் வருகிறது.

'சாரல்' என்னும் சொல்லின் பொருள் மாற்றமும் கருதத்தக்கது. சங்க இலக்கியத்தில் அது பெரும்பாலும் மலைச்சரிவைக் குறித்தது. பிற்காலத்தில் காற்றோடு சாய்ந்து விழும் நுண்துளியைக் குறிக்கலாயிற்று. இன்றைய பேச்சு வழக்கில் அக்காலத்துக்குச் 'சீசன்' என்பதே பெயர். நிலத்தைச் சுட்டிய சொல் மழையைச் சுட்டிற்று. மழைக்காலமோ வெளியூரார் வருகைக்காலமாக அறியப்படலாயிற்று.

கணவாயின் காற்று

உதகமண்டலமும் கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தால் குளிர்ச்சி பெற்றவை. குற்றாலத்தின் உயரமோ 200 மீட்டருக்கும் குறைவு. அதன் குளிர்ச்சிக்குக் காரணம் அருகிலுள்ள ஆரியங்காவுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேலைப்புறத்தில் பெருமழை பெய்வித்தபின், எஞ்சிய ஈரத்துடன் இவ்விடைவெளி வழியே கிழக்கே நுழைகிறது. தூசும் புகையும் மழைத்துளியோடு மண்ணில் இறங்கிவிடுகின்றன. நனைந்த நிலத்தில் புழுதி எழுவதில்லை. காற்றின் வேகம் உள்ளூர்ப் புகையையும் தேங்கவிடுவதில்லை.

இக்காற்றே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கிழக்கே, திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரியில் செம்மணலை வாரி இறைக்கிறது. அம்மணல்மேடுகள் பருவக்காற்றால் உருவானவை. மணல் நகர்வைத் தடுக்க அங்கு மரங்கள் வளர்க்கப்பட்டன. ஒரே பருவத்தின் ஒரே காற்று ஓரிடத்தில் தூய்மையாகவும் மற்றோரிடத்தில் புழுதியாகவும் அமைவதால், காற்றின் தரத்தை நிலத்தோடும் காலத்தோடும் இணைத்தே மதிப்பிடல் வேண்டும்.

நல்ல காற்றும் கெட்ட காற்றும்

18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி இம்மலையின் வளத்தைப் பாடுபொருளாக்கியது. அந்நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கு நறுமணப் பயிர்த்தோட்டம் அமைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அலுவலர்கள் உடல்நலம் தேடிச் சாரற்காலத்தில் தங்கும் இடமாக இவ்வூர் வளர்ந்தது. 1904இல் நிறைவுற்ற திருநெல்வேலி – கொல்லம் இருப்புப்பாதை இவ்வருகையை எளிதாக்கியது.

நோய்க்குக் கெட்ட காற்றே காரணம் என்னும் கொள்கை அக்கால மருத்துவத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. மலேரியா என்னும் பெயரே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' எனப் பொருள்படும். மலையடிவாரக் காய்ச்சலுக்கும் காற்றின்மீதே பழி சுமத்தப்பட்டது. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் கண்டபின் அப்பழி நீங்கியது. ஆயினும், உடல்நலம் தரும் காற்று என்னும் நற்பெயர் மட்டும் மறு ஆய்வின்றித் தொடர்ந்தது.

பருவமும் சராசரியும்

மார்கழி முதல் பங்குனி வரையிலான காலத்தின் இயல்பு வேறு. இரவில் நிலம் குளிரும்போது மண்ணை ஒட்டிய காற்று அடர்ந்து கீழே தங்குகிறது. அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் நிற்கிறது. விறகடுப்பு, குப்பை எரிப்பு, வாகனம் ஆகியவற்றின் புகை அடிவாரத்தில் தேங்க இது வழிசெய்கிறது. விடியற்காலைப் போகித் தீயும் இக்காலத்துக்கே உரியது. மாசி, பங்குனியில் காட்டுத்தீ நிகழுமாயின் அப்புகையும் சேரும்.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் இயற்றப்பட்டது. 1984இல் தொடங்கிய தேசியக் கண்காணிப்புப் பணி பெருநகரங்களிலும் தொழில் நகரங்களிலுமே மிகுதியும் கருத்துச் செலுத்தியது. 2009ஆம் ஆண்டின் தரவரையறை, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளுக்குக் கனமீட்டருக்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம், 24 மணிநேரச் சராசரி 60 மைக்ரோகிராம் என இரு வரம்புகளை வகுத்தது. இவ்வேறுபாடு சிற்றூர்களுக்கு இன்றியமையாதது. மழையால் கழுவப்பட்ட மூன்று மாதங்கள் ஆண்டுச் சராசரியைத் தாழ்த்திவிடும். பனிக்கால விடியலின் புகை அதனுள் மறைந்துவிடும்.

முடிவுரை

சராசரி எண் கணக்கில் செய்வதையே சாரலின் புகழ் நினைவில் செய்துள்ளது. இலக்கியமும் பயணியர் வருகையும் காற்று வீசும் மாதங்களைப் போற்றின. காற்று அசையாத மாதங்களில் மூச்சுவிடுவோர் அவ்வூர் மக்களே. திசைதோறும் பருவந்தோறும் காற்றுக்குத் தனிப்பெயரிட்ட மரபு, ஊர் முழுமைக்கும் ஆண்டு முழுமைக்கும் ஒரே மதிப்பீட்டை வழங்கவில்லை. அந்நுட்பம் இன்றைய அளவீட்டுக்கும் தேவையானது. சிற்றூர்களின் காற்றை மாதவாரியாக அளந்து பதிவு செய்தாலன்றி, அவற்றின் நற்பெயர் அங்கு வாழ்வோரின் உடல்நலத்துக்குச் சான்றாகாது.