பூட்டிய அறையில் ஒரு பென்குவின்

சிதம்பரத்தில் தேவார ஏடுகள் பூட்டிய அறையில் கிடந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் போய்க் கேட்டபோது, 'பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம்' என்றார்களாம். ராஜா விடவில்லை. மூவர் சிலைகளையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான். கதவு திறந்தது. உள்ளே கரையான் புற்று! அரித்தது போக மிஞ்சியதுதான் இன்று நாம் பாடுவது என்கிறது மரபு. பூட்டியவர்களைத் திட்டாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்றுகூடப் பூட்டியிருக்கலாம். ஆனால் ஒரே பிரதி, ஒரே அறை, ஒரே சாவி என்றால் கரையானுக்குத்தான் விருந்து.

கம்ப்யூட்டர் உலகிலும் இப்படி ஒரு பூட்டிய அறை உண்டு. பெயர், மெயின்ஃப்ரேம். வங்கி, இன்ஷூரன்ஸ் மாதிரி ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் கணக்கைக் கவனிக்கும் ராட்சச யந்திரம். சென்னை ஐ.ஐ.டி-க்கு 1973-ல் ஐ.பி.எம். 370 வந்தது. கடலூர்க்காரர் ஒருவர் அதைப் பார்க்க ரயிலேறி மெட்ராஸ் போக வேண்டும். போனாலும் தொட முடியுமா? துளை போட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, விடை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் இந்த அறைக்குப் பூட்டே கிடையாது. 1955-ல் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் ஐ.பி.எம். 704 வாங்கியவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயரே 'ஷேர்'. ஒருத்தர் எழுதிய புரோகிராமை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். அப்போதெல்லாம் மெஷின் வாங்கினால் புரோகிராம் இனாம். 1969-ல் ஐ.பி.எம். 'இனி மென்பொருளுக்குத் தனிக் காசு' என்றது. 1983-ல் 'சோர்ஸ் கோடு தரமாட்டோம், ஓடுகிற வடிவத்தை மட்டும் தருவோம்' என்றது. நம்ம பாஷையில் சொன்னால், இலையில் சிதம்பரம் கொத்சு விழும். பக்குவத்தை மட்டும் கேட்கக்கூடாது.

அதே 1983-ல்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், எல்லோரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள் எழுதப்போவதாக அறிவித்தார். 1991-ல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் வீட்டு பி.சி.க்காக லினக்ஸ் எழுதினார். பென்குவின் சின்னம் போட்டது இதுதான். ஸ்டால்மனின் நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டார்: யார் வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றியதை வெளியே கொடுத்தால் சோர்ஸையும் கொடுக்க வேண்டும்.

இந்தப் பென்குவினை மெயின்ஃப்ரேமில் ஏற்றினால் என்ன? 1998-ல் லினாஸ் வெப்ஸ்டாஸ் என்பவர் ஆரம்பித்தார். திட்டத்தின் பெயர் 'பிக்ஃபுட்'. சம்பளம் இல்லை, ஆர்வலர்கள் சேர்ந்தார்கள். ஆனால் ஜெர்மனியில் போப்லிங்கன் என்ற ஊரில், ஐ.பி.எம்.மின் சொந்த இன்ஜினீயர்களும் சத்தமில்லாமல் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். 1999 டிசம்பரில் அவர்கள் சரக்கு வெளியே வந்தது. இதற்குச் செய்த புரோகிராம் அதில் ஓடாது. அதற்குச் செய்தது இதில் ஓடாது. மெஷினைச் செய்த கம்பெனியோடு யார் போட்டி போடுவது? பிக்ஃபுட் மெள்ள அடங்கிப்போனது. உழைத்தவர்களுக்கு வருத்தம் இருக்காதா?

ஆனால் லினக்ஸ் நிபந்தனை ஐ.பி.எம்.மையும் விடவில்லை. சோர்ஸைக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் மாரிஸ்ட் கல்லூரி அதை எல்லோருக்கும் விநியோகித்தது. நெட்வொர்க் கார்டுக்கான துண்டை மட்டும் ஐ.பி.எம். முதலில் பூட்டியே தந்தது. லினக்ஸ் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்தத் துண்டுக்காகக் கம்பெனியின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. பிறகு அதையும் திறந்துவிட்டார்கள். 2000-ல் டேவிட் பாய்ஸ் என்பவர் ஒரே மெயின்ஃப்ரேமுக்குள் 41,400 லினக்ஸ்களை ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டினார். 2015-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் மெயின்ஃப்ரேமுக்கென்றே 'ஓப்பன் மெயின்ஃப்ரேம் புராஜெக்ட்' ஆரம்பித்தது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? 1999-ல் ரோஜர் பௌலர் என்பவர் 'ஹெர்குலிஸ்' என்று ஒரு புரோகிராம் எழுதினார். சாதாரண பி.சி.யை மெயின்ஃப்ரேம் போல நடிக்கவைக்கும் வித்தை. ஐ.பி.எம்.மின் இன்றைய சொந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதில் ஓட்ட ஐ.பி.எம். அனுமதி வேண்டும். லினக்ஸுக்கு யாரையும் கேட்க வேண்டாம். மெட்ராஸுக்கு ரயிலேறிய காலம் போய், அண்ணாமலைநகர் ஹாஸ்டல் அறையில் ஒரு பெண் தன் லேப்டாப்பிலேயே மெயின்ஃப்ரேம் லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். பிழை கண்ணில் பட்டால் திருத்தி அனுப்பலாம். அவள் எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. திருத்தம் சரியா என்றுதான் பார்ப்பார்கள்.