'நைஸ்': ஓர் ஆங்கிலப் பெயரடையின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் பெயரடைகளுள் 'நைஸ்' என்பதும் ஒன்று. நல்ல, இனிய, அன்பான என எதற்கும் பொருந்திவரும் இச்சொல்லை மொழிபெயர்ப்போர் பெரும்பாலும் தயங்காமல் கடந்து செல்வர். பழைய நூல்களைப் பொறுத்தவரை தயங்கி நிற்கவேண்டிய சொல் இது.

இதன் மூலம் 'நெஸ்கியுஸ்' என்னும் இலத்தீன் சொல். 'நெ' என்பது எதிர்மறை. 'ஸ்கிரெ' என்பது அறிதலைக் குறிக்கும் வினை. எனவே 'அறியாத' என்பதே முதற்பொருள். அறிவியலைக் குறிக்கும் 'சயன்ஸ்' என்னும் சொல்லும் அவ்வினையடியாகவே பிறந்தது. பழம் பிரெஞ்சின் வழியாகக் கி.பி. 1300ஐ ஒட்டி ஆங்கிலத்துள் புகுந்தபோது இது பேதைமையைச் சுட்டியது. 1400இல் மறைந்த சாசரின் எழுத்துகளில் இப்பொருள் உண்டு.

பேதைமை இனிமையானது ஒரே தாவலில் நிகழ்ந்ததன்று. அறிவற்ற என்பதிலிருந்து ஒழுக்கந் தளர்ந்த, பகட்டான என்னும் பொருள்களும், மற்றொரு பக்கம் கூச்சமுள்ள, எளிதில் நிறைவுகொள்ளாத என்னும் பொருள்களும் கிளைத்தன. எதையும் குறைகண்டு தேர்பவரைச் சுட்டிய சொல், பின்னர் அவ்வாறு நுணுகித் தேரவேண்டிய பொருளையும் சுட்டலாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் 'நுட்பமான' என்னும் பொருள் நிலைபெற்றது இவ்வாறே. ஆயினும் பழம்பொருள்கள் உடனே மறைந்துவிடவில்லை. 16, 17ஆம் நூற்றாண்டு எடுத்துக்காட்டுகள் பலவற்றில் எப்பொருள் கருதப்பட்டது என்று துணிதல் அரிது என ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியே ஒப்புக்கொள்கிறது. சேக்சுபியரின் 'ரோமியோ சூலியட்' நாடகத்தில் பென்வோலியோ ஒரு சண்டையை இவ்வடையால் குறிக்கிறான். அங்கு அதன் பொருள் 'அற்பமான' என்பது. 'இனிய சண்டை' என மொழிபெயர்த்தால் காட்சியே குலைந்துவிடும்.

தேர்ந்த சுவையுடையார் ஏற்பது இனியதாகவே இருக்கும் என்னும் எண்ணமே அடுத்த மாற்றத்திற்கு வழிசெய்திருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இனிய' என்னும் பொருள் பரவிற்று. 1817 இறுதியில் வெளிவந்த சேன் ஆசுடினின் 'நார்த்தேங்கர் அபி' புதினத்தில், ஒரு நூலை இச்சொல்லால் புகழும் கேத்தரினை என்றி தில்னி எள்ளி நகையாடுகிறான். தொடக்கத்தில் நேர்த்தி, நயம் போன்றவற்றையே இது குறித்திருக்கலாம் என்பது அவன் வாதம். அவன் 'தொடக்கம்' எனக் கொண்டது இடைக்காலப் பொருளே. பேதைமைப் பொருள் அவன் எட்டிப்பார்த்த எல்லைக்கும் அப்பால் இருந்தது. 1926இல் பவுலரும் இச்சொல் தன் தனித்தன்மையை இழந்ததற்கு வருந்தினார்.

தமிழ் இலக்கண நூலார் 'நாற்றம்' என்பதை இழிபொருட்பேற்றிற்குக் காட்டுவர். 'நைஸ்' அதற்கு மறுதலையான உயர்பொருட்பேறு. எனினும் உயர்வோடு கூர்மை மழுங்கியதும் நேர்ந்தது. நுண்பொருள் இன்றும் சட்ட, தத்துவ உரைநடையில் எஞ்சியுள்ளது; அங்கு 'நைஸ்' வேறுபாடு என்பது நுண்ணிய வேறுபாடே, இனிய வேறுபாடன்று.

பேச்சுத் தமிழிற் புகுந்த கடன்சொல்லின் போக்கு வேறு. மாவை 'நைசாக' அரைத்தல் என்பதில் நுண்மையும், 'நைசாக' நழுவுதல் என்பதில் பிறர் அறியாமற் செய்யும் தந்திரமும் உள்ளன. இவ்விரண்டிலும் இற்றை ஆங்கிலத்தில் மேலோங்கிய 'இனிய' என்னும் பொருள் இல்லை. தமிழ்ப் புதினங்களை ஆங்கிலமாக்குவோர் அதே சொல்லைத் திருப்பிப் பெய்தால், கள்ளமாக நழுவும் பாத்திரம் பண்பாளனாகிவிடும்.