குஸ்கோவின் சாந்தில்லாச் சுவர்கள்

பெரு நாட்டின் குஸ்கோ நகருக்கு வடக்கே, மலைமேட்டில் மூன்றடுக்காக மடிந்து மடிந்து செல்லும் சக்சைவாமன் மதில்கள், 15ஆம் நூற்றாண்டில் இன்கா அரசர் பச்சகூட்டி காலத்தில் தொடங்கப்பட்டு, ‘மித்தா’ எனப்பட்ட முறைப்படி, அதாவது குடிகள் வரிக்கு ஈடாகச் சுழற்சியில் அரசுக்கு அளித்த உழைப்பால், எழுப்பப்பட்டவை. இரும்புக் கருவியோ சக்கர வண்டியோ இல்லாத அம்மக்கள், 100 டன்னுக்கு மேற்பட்டவையாக மதிப்பிடப்படும் பாறைகளையும் கயிறு கட்டி இழுத்து வந்து, கடினமான உருளைக்கற்களால் கொத்திக் கொத்தி, ஒன்றன் விளிம்பு மற்றதன் வளைவில் பொருந்தும்வரை செதுக்கினர். சுண்ணச்சாந்து ஏதுமின்றி அவை இன்றும் இழைந்து நிற்பதைக் காண்போர், அக்கைகளின் பொறுமையைத்தான் முதலில் வணங்க வேண்டும்.

இன்காச் சுவர்கள் சற்றே உட்புறம் சாய்ந்தும், வாயில்களும் மாடங்களும் மேலே குறுகிய சரிவக வடிவிலும் அமைந்தமை நிலநடுக்கத்தைத் தாங்கப் பெரிதும் உதவிற்று. 1950இல் குஸ்கோவை உலுக்கிய நடுக்கத்தில், கொரிகாஞ்சா என்னும் சூரியக் கோயிலின்மேல் ஸ்பானியர் எழுப்பிய சாந்தோ டொமிங்கோ மடாலயம் பெருஞ்சேதமுற்றபோதும், அடியிலிருந்த இன்காச் சுவர்கள் நிலைத்து நின்றன. இயற்கையைவிட மனிதரே இக்கட்டடங்களை அதிகம் சிதைத்தனர். 1536இல் இன்கா அரசர் மாங்கோ இன்கா, குஸ்கோவிலிருந்த ஸ்பானியருக்கு எதிராகத் தொடங்கிய முற்றுகை தோற்ற பின், சக்சைவாமனின் தூக்கத்தக்க கற்கள் தேவாலயங்களுக்கும் மாளிகைகளுக்கும் பெயர்த்துச் செல்லப்பட்டன. பெயர்க்க இயலாத அளவுக்குப் பெரியவையே பெரும்பாலும் எஞ்சின.