நிலாவில் பறந்த வௌவால் மனிதர்கள்

1835 ஆகஸ்ட் 25. நியூயார்க்கில் ஒரு சென்ட்டுக்கு விற்றுவந்த 'தி சன்' நாளிதழில் ஒரு தொடர் ஆரம்பமானது. வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல், தென்னாப்பிரிக்காவிலிருந்து புதிய தொலைநோக்கி மூலம் நிலாவை மிக நெருக்கமாகப் பார்த்துவிட்டாராம்!

ஆறு பகுதிகளாக வந்த தொடரில் அதிசயங்கள் ஒன்றையொன்று விஞ்சின. முதலில் காட்டெருமை போன்ற மந்தைகள். அடுத்து, நீல நிறத்தில் ஒற்றைக் கொம்பு ஆடுகள். பிறகு, இரண்டு காலில் நடந்து, குடிசை கட்டி, தீ மூட்டவும் தெரிந்த வாலில்லா பீவர்கள். அதன்பின் வந்தார்கள், நாலடி உயரமும் செம்பு நிற ரோமமும் சிறகுகளும் கொண்ட வௌவால் மனிதர்கள். நீலக்கல்லில் எழுப்பிய ஆலயம்கூட அங்கே இருந்தது.

பலர் நம்பினார்கள். தன் விற்பனை 19,360 பிரதிகளைத் தொட்டுவிட்டதாக அந்த நாளிதழ் பெருமையோடு அறிவித்தது.

நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன் ஜான். 1834 ஜனவரியில் அவர் கேப் டவுன் வந்து இறங்கியது உண்மை. அங்கே ஃபெல்ட்ஹவுசன் என்ற இடத்தில், 20 அடி நீளத் தொலைநோக்கியை நிறுவித் தென்வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்ததும் உண்மை. நிலாவில் நகரமே கண்டதாக ஜெர்மானிய வானியலாளர் க்ரூய்ட்டுய்சன் 1824-லேயே எழுதியிருந்தார். தந்தி வராத காலம் அது. கப்பலில் கடிதம் அனுப்பி ஹெர்ஷலிடம் கேட்டுப் பதில் பெறப் பல மாதங்கள் ஆகும்.

பொய் இந்த உண்மைகளின் மேல்தான் கட்டப்பட்டது. கட்டுரையை எழுதியதாகச் சொல்லப்பட்ட டாக்டர் ஆண்ட்ரூ கிராண்ட் என்பவர் பிறக்கவே இல்லை. மூலமாகக் காட்டப்பட்ட எடின்பரோ அறிவியல் இதழ் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நின்றுபோயிருந்தது. 24 அடி விட்டம், சுமார் ஏழு டன் எடையுள்ள லென்ஸும் கற்பனைதான். வானியலில் இதுவரை பயன்பட்டவற்றில் மிகப் பெரிய லென்ஸ்களுள் ஒன்று, 1897-இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் பொருத்தப்பட்டது. அதன் விட்டமே 40 அங்குலம்தான்.

அப்படியொரு 24 அடி லென்ஸ் இருந்திருந்தால்? அப்போதும் வௌவால் மனிதர் தென்பட்டிருக்க மாட்டார். ஒளி அலையாகப் பரவுவதால், எந்த லென்ஸும் பிரித்துக் காட்டும் நுணுக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. காற்று மண்டலத்தின் கலக்கத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டாலும், அந்த லென்ஸ் நிலாவில் சுமார் 35 மீட்டருக்குக் குறைந்த எதையும் தனித்துக் காட்டாது. உருப்பெருக்கத்தை 42,000 மடங்கு என்று எழுதிவிட்டால் மட்டும் நாலடி உருவம் தெளிந்துவிடாது.

எழுதியவர், அந்த நாளிதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக். கோள்களிலெல்லாம் மக்கள் வாழ்வதாக எழுதிவந்த தாமஸ் டிக் போன்றவர்களைக் கேலி செய்யவே அவர் இதை எழுதினார் என்று கருதப்படுகிறது. லென்ஸின் மீது வெயில் பட்டு ஆய்வகம் தீப்பிடித்தது என்று கதையிலேயே ஒரு விபத்தையும் வைத்துத் தொடரை முடித்தார். நாளிதழ் முறையான மறுப்பு எதையும் வெளியிடவில்லை.

ஹெர்ஷலுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு பல மொழிகளிலும் வந்து குவிந்த விசாரிப்புகள் தொல்லையாகிவிட்டதாக, 1837-இல் தன் அத்தையும் வானியலாளருமான கரோலினுக்கு எழுதினார்.

அவர் உண்மையில் கண்டவை எந்தக் கற்பனைக்கும் குறைந்தவை அல்ல. 1,707 நெபுலாக்களும் விண்மீன் கூட்டங்களும், 2,102 இரட்டை விண்மீன்களும் 1847-இல் வெளிவந்த அவரது நூலில் பட்டியலாயின. 1837 டிசம்பரில் ஈட்டா கரினே என்ற விண்மீன் திடீரெனப் பிரகாசமானதையும் பதிவுசெய்தார். 1836-இல் பீகிள் கப்பலில் வந்த இளைஞர் சார்லஸ் டார்வின், கேப் டவுனில் அவரைச் சந்தித்தார்.

லாக்கின் தொடருக்கு இரண்டு மாதம் முன்பு, பலூனில் நிலாவுக்குப் போகும் கதை ஒன்றை எட்கர் ஆலன் போ வெளியிட்டிருந்தார். 1844-இல் அதே 'தி சன்' இதழில் அவரே ஒரு பலூனை மூன்றே நாளில் அட்லாண்டிக்கைக் கடக்கவைத்தார். மனிதர்களை ஏற்றிய பலூன் ஒன்று நிஜமாகவே அந்தக் கடலைத் தாண்டியது 1978-இல்தான். அந்த இரு பயணங்களின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)