விற்க ஒரு வீடு இருந்திருந்தால்

2022 நடுப்பகுதி. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்காக டயகமவில் காத்துக்கிடந்தோம். மா விலை ஏறிக்கொண்டே போனது. ரொட்டி சுட்டுச் சாப்பிடும் லயத்துக்கு அதைவிடக் கெட்ட செய்தி வேறு இல்லை. இரவில் கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தில் ஃபோனில் எதையாவது பார்ப்போம். ஒருநாள் ஒரு வீடியோ. கொழும்பில் யாரோ இரண்டு பேர் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்: ரூபா இப்படி விழும்போது வீட்டை விற்பது புத்தியா, வைத்துக்கொள்வது புத்தியா?

பக்கத்துக் காம்பரா மாமாவும் எங்களோடு இருந்து கேட்டார். முடிந்ததும் சிரித்தார். "நம்ம என்னாத்த விக்கிறது? லயத்த வித்தா காசு தொரைக்குத்தானே போகும்!"

நாங்களும் சிரித்துவிட்டோம். ஆனால் கம்பஸுக்கு வந்து வரலாறு படிக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சு திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. நெருக்கடி காலத்தில் வீட்டை விற்கலாமா என்று யோசிக்கவே ஒரு வீடு வேண்டும். அது நமக்கு எப்படி இல்லாமல் போனது? இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போனதுதான்.

வேலையோடு கட்டிய வீடு

முதலில் கோப்பி. கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். அவர்களைத் தங்கவைக்க வரிசையாகக் காம்பராக்கள் கட்டப்பட்டன, அதுதான் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. அதற்கு வாடகை வாங்கவில்லை என்பதைப் பெரிய உபகாரம் மாதிரிச் சொல்வார்கள். உண்மையில் வாடகை உழைப்பிலேயே போனது. பேர் செக்ரோலில் இருக்கிற வரைக்கும் காம்பரா இருக்கும். பத்துச்சீட்டுக் கொடுத்தால் வேலையும் போகும், கூரையும் போகும்.

இது இலங்கையில் மட்டும் நடந்ததும் இல்லை. இங்கிலாந்துப் பண்ணைத் தொழிலாளரும் வேலையோடு கட்டிய வீடுகளில்தான் இருந்தார்கள். வேலை போனாலும் உடனே தெருவுக்கு வராதபடி அவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 1976இல் வந்தது. அந்த முறையை மலைக்குக் கொண்டுவந்தவர்களின் சொந்த நாட்டிலேயே அதை மாற்ற அவ்வளவு காலம் ஆனது.

பெரிய பொருளாதார நெருக்கடி கோப்பியிலேயே வந்தது. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. கொஞ்ச வருஷத்தில் தோட்டங்கள் படுத்தன, 1884இல் ஓரியண்டல் வங்கியே விழுந்தது. துரைமார் பலர் தோட்டத்தை வந்த விலைக்கு விற்றார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலை, கோப்பி செத்த நிலத்தில் பரவியது. ஆக, "விற்கலாமா, வைத்திருக்கலாமா" என்ற கேள்வி மலையகத்தில் அன்றே கேட்கப்பட்டிருக்கிறது. கேட்டவர்கள் துரைமார். தோட்டம் கைமாறியபோது லயமும் அதோடு சேர்ந்து கைமாறியது. உள்ளே இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

உருளவள்ளியில் ஒரு வழக்கு

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது கேகாலைப் பக்கத்து நேவ்ஸ்மயர் தோட்டம். நம்மாட்கள் அதை உருளவள்ளி என்பார்கள். 1940களில் காணியில்லாத கிராமத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காக அரசாங்கம் அந்தத் தோட்டத்தை எடுத்தது. காணியில்லாதவர்களுக்குக் காணி என்பது நியாயமான காரியம்தான். ஆனால் அந்தத் தோட்டத்தில் ஏற்கனவே காணியில்லாத இன்னொரு கூட்டம் குடியிருந்தது. அவர்களை வெளியேறச் சொன்னார்கள், அவர்கள் போகவில்லை. 1946இல் அது பெரிய வேலைநிறுத்தமாக வெடித்தது.

போகாமல் இருந்தவர்கள் மீது அத்துமீறிக் குடியிருப்பதாக வழக்குப் போட்டார்கள். சின்னசாமி செல்வநாயகம் என்பவருடைய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1951ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவாகியிருக்கும் அந்தத் தீர்ப்பு அவருக்குச் சாதகமானது. அவர் அங்கே இருந்தது யாருக்கும் தொல்லை கொடுப்பதற்காக இல்லை, அது அவர் வாழ்ந்த இடம் என்பதால்தான், ஆகவே அது குற்றம் இல்லை என்பதுதான் அதன் சாரம். இன்றைக்கும் குற்றவியல் சட்டம் படிப்பவர்கள், ஒருவரின் நோக்கம் என்ன என்று பார்க்கும் பாடத்தில் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

நமக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியம். தன் வீட்டில் இருப்பது குற்றம் இல்லை என்று நிரூபிக்க ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு கடல் கடந்து போக வேண்டியிருந்தது. இரண்டாவது, வென்ற பிறகும் அந்த வீடு அவருடையது என்று ஆகவில்லை. "இருப்பது குற்றமில்லை" என்பதற்கும் "இது உன்னுடையது" என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. மலையகம் இன்னும் அந்தத் தூரத்தில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

மாட்டை விற்றார்கள், வீட்டை விட்டார்கள்

1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. அதே காலத்தில்தான் காணிச் சீர்திருத்தம் வந்தது, 1975இல் வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்களும் அரசின் கைக்குப் போயின.

அந்த வருஷங்களைப் பற்றிக் கேட்டால் வயசானவர்கள் ஒரு பட்டியலே சொல்வார்கள். மாட்டை விற்றது, ஆட்டை விற்றது, பித்தளைக் குடத்தை விற்றது, தோட்டை விற்றது. எங்களில் ஒருத்தியின் அம்மாயி சொன்னது: "எல்லாத்தையும் வித்தோம். காம்பராவ மட்டும் கூட்டி, சாணி மெழுகிட்டுச் சாவிய குடுத்துட்டுப் போனாங்க எங்க அக்கா." மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த இடம். ஊருக்குக் கொண்டுபோக அதிலிருந்து ஒரு சதம் கிடைக்கவில்லை.

போன இடத்திலும் பலருக்கு அதே கதைதான். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலும், குடியிருப்பு வேலையோடு ஒட்டித்தான் இருந்தது.

இப்ப யார் சொந்தக்காரர்?

1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. நிலம் அரசுடையது, குத்தகை 53 வருஷம். லயத்துக் கூரை ஒழுகினால் யாரிடம் கேட்பது என்பது அன்றிலிருந்து ஒரு பந்து விளையாட்டு. கம்பனி அரசைக் காட்டும், அரசு கம்பனியைக் காட்டும். கடைசியில் நாமே தகரம் வாங்கிப் போட்டுக்கொள்வோம்.

இங்கேதான் பெரிய நஷ்டம் ஒளிந்திருக்கிறது. டயகமவில் எந்த லயத்தையும் பாருங்கள். பின்னால் இழுத்துக் கட்டிய குசினி, சீமெந்துத் தரை, சிலதில் டைல்ஸ்கூட. சீட்டுக் காசு, சேமலாப நிதிக் காசு, மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசு எல்லாம் அதில் கிடக்கிறது. இன்னொருத்தருடைய சொத்தில் நாம் போட்ட முதலீடு அது. விற்க முடியாது, பேங்கில் ஈடு வைக்கவும் முடியாது.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஒரு வருஷத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது, உணவு மட்டும் 94.9 வீதம். அப்போது வீடு இருந்தவர்களுக்குக் குறைந்தபட்சம் மூன்று வழி இருந்தது. விற்கலாம், ஈடு வைக்கலாம், காசு மதிப்பிழந்தாலும் காணி மதிப்பிழக்காது என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கலாம். நமக்கு மூன்றும் இல்லை. தோடு அடகுக்கடைக்குப் போனது. அதுவும் முடிந்த வீடுகளில் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். வீட்டை விற்க முடியாதவர்கள் கடைசியில் பிள்ளையின் படிப்பை விற்கிறார்கள்.

"குடுத்தா வித்துருவாங்க"

புதிய தனி வீடுகள் வந்தன, இந்திய உதவியிலும் வந்தன. 7 பேர்ச் என்றார்கள், ஏறக்குறைய 1,900 சதுர அடி. 2024இல் 10 பேர்ச் என்றார்கள். ஆனால் உறுதிப் பத்திரம் என்று கேட்கும்போதெல்லாம் ஒரு பதில் வருகிறது: "கையில குடுத்தா வித்துக் குடிச்சிருவாங்க."

இந்தப் பயத்தை நாங்கள் அப்படியே தள்ளிவிடவில்லை. பஞ்ச காலத்தில் அவசரத்துக்கு விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். 2022இல் எல்லோர் கையிலும் உறுதி இருந்திருந்தால் வட்டிக்காரர்களிடம் கொஞ்ச வீடு போயிருக்கும் என்றும் நினைக்கிறோம். இதே பயத்தில்தான் 1935 காணி அபிவிருத்திச் சட்டம், குடியேற்றத் திட்ட விவசாயிகள் காணியை இஷ்டத்துக்கு விற்கவோ ஈடு வைக்கவோ முடியாமல் கட்டுப்படுத்தியது. ஆனால் அவர்களுக்குக் காணி கிடைத்தது, தலைமுறைக்குக் கைமாறியது. 2024இல் உறுமய திட்டம் அவர்களுக்கு முழு உரித்தே தரத் தொடங்கியது. நமக்கோ காணியைக் கொடுக்கும் முன்பே குடிகாரப் பட்டம் கொடுக்கிறார்கள்.

விற்பனைதான் பயம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. உறுதியைக் கணவன் மனைவி இரண்டு பேர் பேரிலும் எழுதலாம், இரண்டு கையெழுத்தும் இல்லாமல் விற்க முடியாது என்று வைக்கலாம். வீட்டுக்கு உழைத்துக் கொட்டியதில் பாதிக்கு மேல் கொழுந்தெடுத்த கை என்பதால் அதுதான் நியாயமும்கூட.

பக்கத்துக் காம்பரா மாமாவிடம் போன லீவில் மறுபடியும் கேட்டோம். "உறுதி கெடச்சா விப்பீங்களா மாமா?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "விக்க மாட்டேன்டா. ஆனா யாராச்சும் வந்து விலை கேக்கணும். மாட்டேன்னு நான் சொல்லணும்."