சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள்

மலாயாவின் நெகிரி செம்பிலானில் லிங்கி உள்ளிட்ட ரப்பர்த் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் ஏக்கர் கணக்காகவும் பால் விளைச்சலாகவும் எழுதப்பட்டிருக்க, 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் அத்தோட்டங்களின் பிள்ளைகள் பட்ட துயரம் அதில் மிகச் சிறிய இடத்தையே பெற்றுள்ளது. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்காக மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் தமிழர், முதலில் ஆசை வார்த்தையாலும் பின்னர் வலுக்கட்டாயமாகவும் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களுள் பல்லாயிரம் பேரைக் காட்டிலேயே மாய்த்தன.

தோட்டத்தில் குழந்தைகளுக்கென இருந்த முக்கிய ஏற்பாடுகள் தோட்டப் பள்ளியும் ஆயாக் கொட்டகையுமே. பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அக்கொட்டகையில், துணித் தொட்டில்களை ஆட்டியபடி வயதான பெண்ணொருத்தி காவலிருப்பாள். வேலை முடிந்ததும் பெற்றவள் வந்து தூக்கிக்கொள்வாள் என்ற நம்பிக்கையின் மேல் அமைந்த ஏற்பாடு அது. பெற்றோர் திரும்பாதபோது, மரவள்ளிக்கிழங்கே உணவாகிப்போன அந்நாட்களிலும், உறவினரும் லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) அண்டை வீட்டாருமே பிள்ளைகளுக்குக் கதியாயினர்.

வயிற்றுப் பசிக்கு அவர்கள் எப்படியோ வழி கண்டாலும், மனத்துயருக்குத் தமிழர் வழக்கம் வைத்திருந்த மருந்து அங்கே பயன்படவில்லை. கொள்ளி வைப்பதும், ஊர் கூடி அழுவதும், 16-ஆம் நாள் கருமாதியோடு துக்கத்துக்கு ஒரு வரம்பு கட்டுவதும் இறந்தது உறுதியானால்தான் நடக்கும். உடலும் வராமல், செய்தியும் வராமல் போன வீட்டில் எந்த நாளைக் கணக்கிடுவது? போனவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நீளும் இத்துயரத்தை உளவியலார் பிற்காலத்தில் ‘தெளிவற்ற இழப்பு’ என்றழைத்தனர். குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிவதே குழந்தைகளை அதிகம் உலுக்குகிறது என்பதை அதே போர்க்காலத்தில் லண்டன் காப்பகங்களில் அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்காமும் கண்டு எழுதினர். லயத்துப் பிள்ளைகளின் அருகிருந்து அவ்வாறு குறிப்பெழுத ஆளில்லை.

போருக்குப் பின், 1949-இல், சுவாமி சத்யானந்தா நிறுவிய சுத்த சமாஜம் ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் புகலிடமானது. தோட்டச் சமூகம் நன்றியோடு நினைக்க வேண்டிய பணி அது. ஆயினும், அப்பா எங்கே என்ற கேள்விக்கு அரசு எழுத்தில் தந்திருக்க வேண்டிய பதிலை எந்த இல்லமும் ஈடு செய்திருக்க முடியாது. அந்தச் சயாம் ரயில் பாதையோரக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டுப் படைவீரர்கள், பெரும்பாலும் பெயர் பொறித்த கல்லறைகளில் துயில்கின்றனர். அதே பாதையில் மாண்ட தோட்டத் தமிழர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை.